மோட்டார் ஓடுது, தண்ணி வரல: தொழில் மேடையில் பேச்சு சிக்கினால் எங்கே கை வைப்பது?

மோட்டார் ஓடவில்லை என்று தோட்டத்திலிருந்து போன் வந்தால், போர்வெல் பைப்பை மேலே இழுக்கும் வண்டியோடு யாரும் முதலில் கிளம்புவதில்லை. ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிப் பார்ப்போம். மூணு ஃபேஸும் வருதா என்று டெஸ்டர் வைப்போம். அப்புறம் ஸ்டார்ட்டர், சிங்கிள் ஃபேஸ் என்றால் கெப்பாசிட்டர். எல்லாம் சரி என்றால்தான் பைப்பில் கை வைப்பது. பம்ப் சர்வீஸில் பதினொரு வருஷம் ஓடிய எனக்கு இது கையில் ஊறிய பழக்கம்.

பிறகு கம்பெனி என்னை டீலர் மீட்டுகளில் பேச அனுப்பியது. அதில் பட்ட அவமானங்களில் சில கீழே வரும். இப்போது வியாழக்கிழமை மாலைகளில், கோவை கணபதியில் ஒரு ஒர்க்‌ஷாப் மாடியில், சிறுதொழில் நடத்துகிறவர்களோடு உட்கார்ந்து அவர்கள் பேச்சைச் சரிபார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் செருப்பைக் கழற்றும்போதே சொல்வது: "எனக்கு ஸ்டேஜ் ஃபியருங்கண்ணா. எத்தனை ஆயிரம் ஆனாலும் ஒரு கோர்ஸ் சேந்துக்கறேன்." எடுத்த எடுப்பில் பைப்பை இழுக்கச் சொல்கிற பேச்சு அது. பல தடவை போயிருப்பது ஃபியூஸ்தான்.

கீழே உள்ளவை அறிகுறி வாரியாக. ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிப்பது கடைசியில். உங்களுக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

எந்தத் தலைப்பு என்றே தெரியாவிட்டால்

போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்து, நின்றபடி மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். கையும் காலும் தொந்தரவு செய்தால் அறிகுறி 1. அடுத்து திரையைக் கவிழ்த்து வைத்துக் கேளுங்கள். சொல் விழுங்கினாலோ குரல் எட்டாவிட்டாலோ அறிகுறி 3. மூன்றாவதாக, உங்கள் தொழில் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, "நான் யார்கிட்ட என்ன கேக்கறேன்?" என்று கேளுங்கள். அவர் விழித்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி 1: குரல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, கையில் தாள் ஆடுகிறது

நெஞ்சு படபடப்பது பழுது இல்லை. பேச ஆரம்பித்து இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிட்டால் அதைத் தொடாதீர்கள். அடங்காவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள்.

வயிறு. பத்து மணிக்குக் கூட்டம் என்று அழைப்பிதழில் இருக்கும். சிறப்பு விருந்தினர் வந்து குத்துவிளக்கு ஏற்ற பதினொன்றரை ஆகும். பதற்றத்தில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, ஹாலில் இரண்டு காபி குடித்திருப்பீர்கள். அந்த நடுக்கத்தில் பாதி காபியுடையது. அடுத்த கூட்டத்துக்கு நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பேசுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே காபியை நிறுத்துங்கள். தண்ணீர் பாட்டிலின் மூடியை முன்னாடியே திருகித் தளர்த்தி வையுங்கள். மேடையில் மூடி திறக்காமல் மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கையில் இருப்பது. ஏ4 தாளைப் போல நடுக்கத்தைக் காட்டிக்கொடுப்பது வேறில்லை. விரல் ஒரு நூல் ஆடினால் தாளின் நுனி ஒரு சாண் ஆடும். அதைப் பார்த்து நீங்கள் பயப்பட, இன்னும் ஆடும். வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இருக்கும். அதைப் பாதியாக வெட்டி, பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். லேசர் பாயின்டரும் இதே கதைதான், சிவப்புப் புள்ளி திரையில் கொசு மாதிரி பறக்கும். அதைப் பையிலேயே விட்டுவிடுங்கள்.

மூச்சு. மேடைப் படி ஏறியவுடன் பேசாதீர்கள். மைக் முன் நின்று மூச்சை முழுசாக வெளியே விட்டு, தானாக உள்ளே வரவிட்டு, பிறகு முதல் சொல். எதிரே இருப்பவர்களுக்கு அது நிதானமாகத் தெரியும்.

வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காதது. இதுதான் மேடை பயம் என்ற பேரில் வருகிற பழுதுகளில் நான் அதிகம் பார்ப்பது. "ஒத்திகை பாத்தீங்களா?" என்றால், "மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தேனுங்க" என்பார்கள். மனசுக்கு நாக்கு கிடையாது. மோட்டாரை ஒர்க்‌ஷாப்பில் தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, கிணற்றில் இறக்கினால் தூக்குமா என்று எப்படிச் சொல்வது? நின்றுகொண்டு, அன்றைக்குப் போடப் போகிற ஷூவோடு, சத்தமாக, ஐந்து முறை. முதல் இரண்டு சுவருக்கு. மூன்றாவது வீட்டில் ஒருவருக்கு. நாலாவதும் ஐந்தாவதும் சாப்பாட்டு வேளையில் உங்கள் பட்டறைப் பையன்களுக்கு. அவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை, அந்தச் சிரிப்பு ஹாலில் வராது.

பழக்கம் போதாதது. ஐந்து முறை சொல்லிப் பார்த்தும் நடுங்கினால் மேடை ஏறும் எண்ணிக்கை குறைவு என்று பொருள். வருஷத்துக்கு ஒரு டீலர் மீட் போதாது. டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புகள் சென்னையிலும் கோவையிலும் நடக்கின்றன. 1924-இல் ரால்ஃப் ஸ்மெட்லி கலிஃபோர்னியாவில் தொடங்கிய இயக்கம் அது. அங்கே 'அ... வந்து...' என்று நீங்கள் இழுப்பதை எண்ணிச் சொல்வதற்கென்றே ஒருவரை உட்கார வைப்பார்கள். எனக்கு அவர்கள் கைதட்டும் முறை கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் முதல் நாள் என் 'வந்து' கணக்கைக் கேட்டபிறகு ஒரு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. முதல் கூட்டத்துக்கு விருந்தினராகப் போய்ப் பார்க்கலாம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம். கூட்டம் என்றாலே பல நாள் தூக்கம் போகிறது, ஆர்டர் போனாலும் பரவாயில்லை என்று கூட்டத்தையே தவிர்க்கிறீர்கள், மூச்சடைப்பு வருகிறது என்றால் இனி இது பயிற்சியாளர் வேலை இல்லை. மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள், இதற்குப் பலன் தரும் சிகிச்சை இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: படபடப்பு அடங்க என்று நண்பர் சொன்ன புரோப்ரனலால் மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடுவது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆபத்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் வேண்டாம்.

## அறிகுறி 2: முதல் வரி வரவில்லை, அல்லது நடுவில் அறுந்துபோகிறது

முதல் வரியிலேயே என்றால் முக்கால்வாசி நேரம் காரணம் விளித்தல். "விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும்..." என்று ஆறு பேரைப் பட்டத்தோடு மனப்பாடம் செய்திருப்பீர்கள். நாலாவது பெயர் விட்டுப்போகும். ஐயோ, அவர் என்ன நினைப்பாரோ என்று மனசு அங்கேயே நின்றுவிடும், வாய் மட்டும் முன்னே போகும். பெயர்களை அட்டையில் எழுதிப் பார்த்தே படியுங்கள். பெயரைப் பார்த்துப் படித்தால் யாரும் குறையாக எடுப்பதில்லை, விட்டால்தான் எடுப்பார்கள். முறை அவ்வளவு கறாராக இல்லாத கூட்டம் என்றால், "மேடையில இருக்கற பெரியவங்களுக்கும் எதுக்க இருக்கற டீலர் அண்ணன்மாருக்கும் வணக்கமுங்க" போதும்.

நடுவில் என்றால் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலியே போகும். சோதிப்பது எளிது: பேச்சின் மூன்றாவது பகுதியிலிருந்து தொடங்கச் சொன்னால் தொடங்க முடிகிறதா? முடியாவிட்டால் அது மனப்பாடம்.

இதற்கு நான் பயன்படுத்துகிற வழி பொருள். கிரைண்டர் செய்கிற ஒருவர் எங்கள் மாடிக்கு வந்தபோது எட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தார், இரண்டாம் பக்கத்தில் நின்றுவிடுவார். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, மேஜையில் இடமிருந்து வலமாக நாலு சாமான் வைத்தோம்: தேய்ந்த பழைய உருளைக்கல், அவருடைய புதுக் கல், ஒரு பெல்ட், வாரன்டி அட்டை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சொல்லச் சொன்னோம். பழைய கல்லை எடுத்தவுடன், "இது எங்க வீட்டுதுங்க, பதினாறு வருஷம் ஆட்டுச்சு" என்று ஆரம்பித்தார். எட்டுப் பக்கத்தில் இல்லாத வரி அது. அப்புறம் நிற்கவே இல்லை, நாங்கள்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

மேடையில் நிஜமாகவே வெறுமையாகிவிட்டால், கடைசியாகச் சொன்ன வரியைத் திரும்ப ஒருமுறை அழுத்திச் சொல்லுங்கள், ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். கேட்பவர்கள் அதை முக்கியமான வரி என்று எடுத்துக்கொள்வார்கள். மன்னிப்புக் கேட்காதீர்கள்.

ஆளைக் கூப்பிடுவது. மறதிக்கு ஆள் வேண்டாம். ஆனால் வருவது மறதி இல்லை, திக்கல் என்றால் பேச்சு சிகிச்சையாளரைப் பாருங்கள். மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் இதற்கென்றே இருக்கிறது. திக்கல் உள்ள ஒருவர் என்னிடம் வந்தபோது நான் தெரியாமல் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லி அதை மோசமாக்கினேன். தெரியாத மோட்டாரைப் பிரித்தது என் தப்பு.

## அறிகுறி 3: பின்வரிசைக்குக் கேட்கவில்லை, மைக் கூவுகிறது, தொண்டை கட்டுகிறது

மைக்கிலிருந்து தள்ளி நிற்பது. தள்ளி நின்றால் சவுண்ட் சர்வீஸ்காரர் வால்யூமை ஏற்றுவார். ஏற்றினால் கூவும். கூவுகிறதே என்று நீங்கள் இன்னும் தள்ளிப் போவீர்கள், அவர் இன்னும் ஏற்றுவார். கூவும் மைக்குக்கு மருந்து கிட்டே போவதுதான். நாலு விரல் இடைவெளி, தாடைக்குச் சற்றுக் கீழே, வாயைப் பார்த்துச் சாய்வாக. நேராக வாய்க்கு முன் பிடித்தால் 'ப' வரும்போதெல்லாம் வெடிக்கும்.

மைக்கின் தலையைப் பொத்திப் பிடிப்பது. கல்யாணக் கச்சேரிப் பாடகர்களைப் பார்த்து வந்த பழக்கம். அப்படிப் பிடித்தால் கூவல் அதிகமாகும். தண்டைப் பிடியுங்கள்.

ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன் நடப்பது. கார்ட்லெஸ் மைக் கிடைத்த சந்தோஷத்தில் கூட்டத்துக்குள் இறங்கி நடக்கும்போது இது நடக்கும். பாக்ஸ்கள் எங்கே என்று முன்னமே பார்த்து வையுங்கள். கார்ட்லெஸ் நடுவில் செத்துப்போனால் பேட்டரி. புது பேட்டரி ஒரு ஜோடி உங்கள் பையில் இருக்கட்டும், ஹோட்டல்காரரை நம்ப வேண்டாம்.

வாக்கியக் கடைசி. மைக் சரி, ஆனாலும் புரியவில்லை என்றால் பதிவைக் கேளுங்கள். தமிழில் வினை கடைசியில் வருகிறது. கடைசியில் குரலை இறக்கி விழுங்கினால், தருவேன் என்றீர்களா தரமாட்டேன் என்றீர்களா என்றே தெரியாது. "ரெண்டு வருஷம் வாரன்டி தர்..." என்று ஒருவர் முடித்தார், மூன்றாவது வரிசையில் ஒரு டீலர் எழுந்து, "தர்றீங்களா, தர்றதில்லையா?" என்றார். ஹாலே சிரித்தது. கடைசிச் சொல்லை மட்டும் அழுத்தி நாலு நாள் பேசிப் பழகினால் இது போய்விடும்.

ஆளைக் கூப்பிடுவது. பெரிய ஹாலில் கூவல் நிற்கவே இல்லை என்றால் சவுண்ட் ஆளிடம் விட்டுவிடுங்கள், நீங்களாகத் திருகாதீர்கள். தொண்டைக் கட்டு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவர். புகை, புகையிலைப் பழக்கம் இருந்தால் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அதுவரை குரலுக்கு ஓய்வு என்றால் பேசாமல் இருப்பது. கிசுகிசுப்பது ஓய்வில் சேராது.

## அறிகுறி 4: ஸ்லைடு வரவில்லை, வந்தால் எழுத்து உடைகிறது

என் வாழ்க்கையின் மோசமான நாற்பது நிமிடம் சேலத்தில் ஒரு ஹோட்டல் ஹாலில் கழிந்தது. ஸ்லைடுகளைப் பாமினி எழுத்துருவில் செய்து, பென் டிரைவில் எடுத்துப் போயிருந்தேன். ஹோட்டல் லேப்டாப்பில் பாமினி இல்லை. 'வணக்கம்' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள். பாமினியில் மெய்யெழுத்துப் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருப்பதால், புள்ளி வைத்த எழுத்துக்கெல்லாம் ஒன்று. நூற்றி இருபது டீலர்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

எழுத்து உடைந்தால். பழைய எழுத்துருவில் செய்தது என்றால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. ஒரு எச்சரிக்கை: நடுவில் ஆங்கிலத்தில் இருக்கும் மாடல் எண், கம்பெனிப் பெயர் எல்லாவற்றையும் தமிழ் என்று நினைத்து மாற்றி அலங்கோலம் செய்துவிடும். ஒவ்வொரு ஸ்லைடையும் கண்ணால் பாருங்கள். விண்டோஸில் நிர்மலா யூஐ எழுத்துருவை வைத்துக்கொள்வது பத்திரம், விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருகிறது. முன்பு எல்லாக் கணினியிலும் இருந்த லதா, விண்டோஸ் 10-இலிருந்து தனியாகச் சேர்த்தால்தான் வரும். அழகான எழுத்துரு வேண்டும் என்றால் பவர்பாயின்ட்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் எழுத்துருவைக் கோப்பிலேயே பதிக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். எதற்கும் ஒரு பிடிஎஃப் பிரதி. பிடிஎஃப்பில் எழுத்து உடையாது. நான் இப்போது பிடிஎஃப் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை.

திரையில் ஒன்றுமே இல்லை என்றால். முதலில் கேபிள். பிறகு விண்டோஸ் விசையை அழுத்தியபடி 'பி'. வரும் பட்டியலில் டூப்ளிகேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் புரொஜெக்டர் ரிமோட்டில் சோர்ஸ் மாற்றச் சொல்லுங்கள். பழைய ஹால்களில் இன்னும் விஜிஏ சொருகிதான் இருக்கும், உங்கள் புது லேப்டாப்பில் எச்டிஎம்ஐயோ டைப்-சியோதான் இருக்கும். மாற்றும் கன்வெர்ட்டர் சில நூறு ரூபாய். அது இல்லாமல் நின்ற நேரத்தின் விலையை நான் கணக்குப் போடவில்லை.

மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை, எழுத்து குறுகல். ஸ்லைடு 16:9, திரை 4:3. முந்தின நாளே ஹாலுக்குப் போன் போட்டுக் கேட்டால் தீரும்.

எழுத்து தெரியவில்லை. கை கவாசாகி (Guy Kawasaki) என்ற அமெரிக்க மார்க்கெட்டிங் எழுத்தாளரின் 10-20-30 கணக்கு பலருக்குத் தெரிந்திருக்கும்: பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், முப்பது பாயின்டுக்குக் குறையாத எழுத்து. தமிழ்ச் சொற்கள் நீளம். முப்பது பாயின்டில் வரிக்கு நாலைந்து சொல்லோடு இடம் தீரும், ஆகவே வாக்கியமாக எழுத முடியாது. நல்லதுதான். விளக்கு எரிகிற ஹாலில் வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. நீலத்தில் சிவப்பு வேண்டவே வேண்டாம்.

ஆளைக் கூப்பிடுவது. கூட்டத்துக்கு அரை மணி முன்பே போங்கள். பத்து நிமிடம் முயன்றும் வரவில்லை என்றால் ஹால் எலக்ட்ரீஷியனை நம்பி உட்காராமல், படமில்லாமல் பேசத் தயாராகுங்கள். அறிகுறி 2-இல் சொன்ன மாதிரி மேஜையில் வைத்த நாலு சாமானுக்கு கரண்ட் வேண்டாம்.

## அறிகுறி 5: கேட்பவர்கள் போனை எடுத்துவிடுகிறார்கள்

எந்த நிமிடத்தில் எடுக்கிறார்கள் என்று ஒரு ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கலாம்.

முதல் இரண்டு நிமிடத்தில் என்றால், நீங்கள் வரலாற்றிலிருந்து தொடங்குகிறீர்கள். அப்பா பட்டறை போட்ட வருஷம், முதல் லேத், ஐஎஸ்ஓ சான்றிதழ். உங்களுக்கு அது ரத்தமும் வியர்வையும்தான், ஆனால் எதிரே இருக்கும் டீலருக்கு இந்த மாதம் ரிட்டர்ன் வந்த பதினைந்து பீஸ்தான் கவலை. அங்கிருந்து தொடங்குங்கள். அப்பா கதை ஐந்தாவது நிமிடத்தில் வந்தால் உட்கார்ந்து கேட்பார்.

ஒவ்வொரு ஸ்லைடு மாறும்போதும் என்றால், திரையில் இருப்பதையே வாசிக்கிறீர்கள். அவர்கள் உங்களுக்கு முன்னால் படித்து முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். பவர்பாயின்ட்டில் 'பி' விசையைத் தட்டினால் திரை கறுப்பாகும், மறுபடி தட்டினால் திரும்ப வரும். முக்கியமான இடத்தில் கறுப்பாக்கிவிட்டுப் பேசிப் பாருங்கள், எல்லாத் தலையும் நிமிரும்.

பிரியாணி முடிந்து மூன்று மணிக்கு என்றால் உங்கள் மேல் தப்பில்லை. ஏற்பாட்டாளரிடம் காலை நேரம் கேளுங்கள்.

## அறிகுறி 6: நேரம் தாண்டிவிடுகிறது

கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பேசுவதால் சரியாகாது. வாய்விட்டு ஒத்திகை பார்த்த நேரத்தை எழுதுங்கள், ஹாலில் அதைவிடக் கூடும். இருபது நிமிடம் கொடுத்தால் பதினாறுக்குத் தயாராகுங்கள். முன்னால் பேசியவர் இழுத்து உங்களுக்கு ஏழு நிமிடம் ஆக்கினால், நடுவை வெட்டுங்கள், முடிவை வெட்டாதீர்கள். கடைசி ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டர் அடித்தால் நேராக அங்கே போய்விடும், பத்து ஸ்லைடை விறுவிறுவென்று தள்ளிக் காட்ட வேண்டியதில்லை. ஜூமில் என்றால் ஒன்று: இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் துண்டாகிவிடும். விலை சொல்கிற இடத்தில் துண்டாகி நான் நின்றிருக்கிறேன்.

## அறிகுறி 7: தமிழில் வருகிறது, இங்கிலீஷில் வரவில்லை

முதல் சோதனை, இங்கிலீஷ் தேவையா என்பதே. எதிரே இருப்பவர்கள் எல்லாம் தமிழ்க்காரர்களாக இருக்க, மரியாதைக்காக இங்கிலீஷில் திணறுபவர்கள் ஏராளம். "தமிழ்லயே பேசலாங்களா சார்?" என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் அவருக்கும் நிம்மதி.

தேவைதான் என்றால், பையனை விட்டு எழுதி வாங்கிய கட்டுரையைத் தூக்கிப் போடுங்கள். உங்கள் வாயில் வராத சொல் ஒன்று இருந்தாலும் அங்கேதான் வண்டி நிற்கும். உங்கள் தொழிலுக்கு இருபது வாக்கியம் போதும், அதை நீங்களே எழுதி, தெரிந்தவரிடம் பிழை மட்டும் திருத்தச் சொல்லுங்கள்.

எண்ணில்தான் நிஜமான ஆபத்து. வெளிநாட்டு பையரிடம் லட்சம், கோடி செல்லாது. பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒரே மாதிரி கேட்கும். எண் எதுவாக இருந்தாலும் வாயால் சொல்வதோடு திரையிலோ தாளிலோ எழுதிக் காட்டுங்கள். விலை எஃப்ஓபியா சிஐஎஃபா என்பதையும் எழுதுங்கள். முன்னதில் கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் அவர் தலையில், பின்னதில் உங்கள் தலையில். ஒப்பந்த ஷரத்துகள் பேசும் கட்டம் வந்தால் மொழி தெரிந்த ஏற்றுமதி ஆளைக் கூட உட்கார வையுங்கள். அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

## அறிகுறி 8: பேச்சு சரி, கேள்வி வந்தால் திணறல்

கேள்வி முடியும் முன்பே பதில் சொல்ல வாய் திறக்கிறீர்களா? பதிவில் பாருங்கள். அப்படியானால், கேள்வியை உங்கள் சொல்லில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். யோசிக்க நேரமும் கிடைக்கும், பின்வரிசைக்கும் கேள்வி கேட்கும்.

அடுத்தது தயாரிப்பு. வரக்கூடாது என்று நீங்கள் வேண்டிக்கொள்கிற ஐந்து கேள்விகளை அட்டையில் எழுதுங்கள். அவைதான் வரும். பதிலைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தெரியாத கேள்விக்கு, "இப்ப என்கிட்ட கணக்கு இல்லீங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பறேன்" என்று நாள் குறித்துச் சொல்லி, எதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்புங்கள்.

## அறிகுறி 9: எல்லோரும் பாராட்டுகிறார்கள், ஆர்டரும் வரவில்லை, கடனும் வரவில்லை

மோட்டார் ஓடுது, தண்ணி வரல. சத்தம் கேட்பதால் வீட்டுக்காரருக்கு மோட்டார் மேல் சந்தேகமே வராது. இந்தப் பழுதுக்குக் குரலையும் கையையும் எவ்வளவு சரிசெய்தாலும் பயனில்லை.

நீங்கள் கேட்கவே இல்லை. காங்கேயம் பக்கத்திலிருந்து மரச்செக்கு எண்ணெய் எடுக்கும் ஒரு அக்கா வந்தார். வங்கியில் இரண்டு முறை பேசிவிட்டார், மேலாளர் "ரொம்ப நல்ல முயற்சிம்மா" என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிட்டார். எங்கள் மாடியில் பேசிக் காட்டச் சொன்னோம். பன்னிரண்டு நிமிடம். அருமையான பேச்சு, ஒரு திக்கல் இல்லை. வாகை மர உரல், சூடு ஏறாத எண்ணெய், பாட்டி காலத்துச் சமையல். எனக்கே ஒரு லிட்டர் வாங்கத் தோன்றியது.

"அக்கா, மேனேஜர் உங்ககிட்ட எண்ணெய் வாங்கப் போறாரா, பணம் குடுக்கப் போறாரா?"

"பணந்தானுங்க."

"எவ்வளவு வேணும்னு எந்த நிமிஷத்துல சொன்னீங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அவரு கேப்பாருன்னு இருந்தேனுங்க தம்பி."

பணம் கேட்பதில் நமக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. நாமாகக் கேட்டால் மரியாதைக் குறைவு, அவராகப் புரிந்துகொள்ள வேண்டும். சொந்தக்காரரிடம் அது சரி. அன்று இரவே முதல் அரை நிமிடத்தை மாற்றி எழுதினோம்:

"வணக்கம் சார். நாலு செக்கு, ஒரு ஃபில்டர், ஷெட் நீட்டறது, எல்லாம் சேத்து 14 லட்சம் ஆகுது. மூன்றரை லட்சம் என் கைப்பணம். பத்தரை லட்சம் டெர்ம் லோன் கேட்டு வந்திருக்கேன். இப்ப மாசம் 900 லிட்டர் ஓட்டறோம், 1,400 லிட்டருக்குக் கேட்டு வர்றாங்க, செக்கு பத்தல. அஞ்சு வருஷத்துல கட்டிருவேன், கணக்கு இந்தத் தாள்ல இருக்குதுங்க."

பாட்டியும் வாகை மரமும் இரண்டாவது நிமிடத்துக்குப் போனார்கள். மூன்றாவது முறை மேலாளர் டீ சொல்லவில்லை, பேனாவை எடுத்தார். "கடலை விலை ஏறுனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். அறிகுறி 8-இல் சொன்ன மாதிரி, வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு அட்டையில் எழுதியிருந்த ஐந்து கேள்விகளில் அது ஒன்று. "லிட்டருக்கு ரெண்டரைக் கிலோ பருப்பு ஆகுதுங்க. பருப்பு பத்து ரூவா ஏறுனா லிட்டருக்கு இருவத்தஞ்சு ஏத்தணும். போன வருஷம் ஏத்துனோம், வாடிக்கை குறையல, ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல பாத்துக்கலாம்."

கேட்டீர்கள், ஆனால் பெரிதாகக் கேட்டீர்கள். டீலர் மீட்டில், "எல்லாரும் ஆதரவு தரணும்" என்று முடிப்பது கேட்டதாகாது. ஆதரவை எந்த கொட்டேஷனில் எழுதுவது? "போகும்போது வாசல்ல இருக்கற தம்பிகிட்ட ரெண்டு பீஸ் சாம்பிளுக்குப் பேர் எழுதிட்டுப் போங்க, செவ்வாக்கிழமை கடைக்கு வந்துரும்." இது கேட்பது. எதிரே இருப்பவர் இன்றைக்கே செய்ய முடிகிற சின்ன வேலையாக இருக்க வேண்டும்.

சரியாகக் கேட்டீர்கள், தவறான ஆளிடம். முடிவெடுப்பவர் பர்ச்சேஸ் மேனேஜரா, முதலாளியா, வெளியூரில் இருக்கும் மகனா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். முடிவெடுப்பவர் அங்கே இல்லையென்றால், அவரிடம் சந்திக்க நேரம் வாங்குவதே அன்றைய வேலை.

ஆளைக் கூப்பிடுவது. நேராகக் கேட்டும், எண்ணோடு கேட்டும் பணம் வரவில்லை என்றால் கோளாறு பேச்சில் இல்லை, தாளில் இருக்கிறது. மேலாளர் பார்ப்பது டி.எஸ்.சி.ஆர். என்ற ஒரு எண்ணை: வருஷத்துக்குக் கட்ட வேண்டிய தவணையும் வட்டியும் எவ்வளவு, அதைக் கட்டக் கையில் நிற்கும் பணம் அதைப்போல எத்தனை மடங்கு. ஒன்றுக்குக் கீழே போனால் கட்டப் பணம் போதாது. ஒன்றேகால், ஒன்றரை என்று மேலே நின்றால்தான் வங்கிகள் காது கொடுக்கும். அந்த எண் உங்கள் தாளில் என்ன என்று தெரியாமல் இன்னொரு பேச்சுப் பயிற்சிக்குப் பணம் கட்டாதீர்கள். அப்போது கூப்பிட வேண்டியது ஆடிட்டரை. போகும்போது மூன்று வருஷ ரிட்டர்னையும் ஸ்டாக் கணக்கையும் கையோடு எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் அவரும் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்.